பேசக் கூடாத குளம்

1993 செப்டம்பர் 12

கரடி வந்துவிட்டது. லாரியிலிருந்து கூண்டை இறக்குவதற்குள் ஆட்களுக்கு நாக்குத் தள்ளிவிட்டது. தம்பி முன்னால் நின்றுகொண்டு "மெல்ல, மெல்ல" என்று கத்தினானே தவிர ஒரு கை கொடுக்கவில்லை. இழுத்து மூடிய ஒரு சர்க்கஸிலிருந்து வந்த கிழட்டுக் கரடி. பாதிப் பல் இல்லை.

"இதப் பாக்க எவன்டா வருவான்?" என்று கேட்டேன்.

"நீ வந்து பாக்குறியே அக்கா. அப்படித்தான் வருவாங்க" என்றான்.

செங்கல் சூளைக்கு மண் தோண்டிய பள்ளங்களை வாங்கி அதில் மிருகக்காட்சி சாலை வைக்கலாம் என்று நினைத்த மனுஷன் இவன் ஒருவனாகத்தான் இருப்பான். மதில் கட்டும் வேலை மிச்சம் என்கிறான். அதில் தப்பும் சொல்ல முடியவில்லை. அந்தப் பள்ளத்தில் இறக்கிவிட்டால் இந்தக் கரடி எங்கே ஏறிப் போகும்?

என் வீட்டுக்காரர் போன பிறகு மகளைக் கூட்டிக்கொண்டு தம்பியிடம் வந்தவள் நான். அவனும் தனிக்கட்டை. சூளை முதலாளி இருந்த ஓட்டு வீட்டில் இப்போது நாங்கள் மூவர். எனக்குத் தீவனக் கூடத்தின் பொறுப்பு. கூடம் என்பது பெயருக்குத்தான், செங்கல் அடுக்கிவைத்திருந்த கொட்டகை அது. மகள் விலங்கியல் படித்தவள், அதனால் பதவி பெரியது. கரடிக்குத் தண்ணீர் காட்டுகிறாள்.

சாப்பிடும்போது மூன்று பேரும் ஒரே நேரத்தில் பேசினோம். எங்கள் வீட்டில் யாரும் யார் பேச்சையும் கேட்பதில்லை. ஆனால் எல்லாருக்கும் எல்லாம் தெரிந்திருக்கும்.

1993 நவம்பர் 3

திறப்பு விழா. வந்தவர்களைவிட குரங்குகள் அதிகம். தம்பி முகத்தைப் பார்க்கப் பாவமாக இருந்தது, சிரிப்பும் வந்தது. மகள் கரடியைப் பற்றி ஒரு குடும்பத்துக்கு விளக்கம் சொல்ல ஆரம்பித்து, அவர்களை வீடு போக விடவே இல்லை. என் வாய் அவளுக்கு அப்படியே வந்திருக்கிறது.

1995 ஜூன் 20

இந்த நோட்டைத் தொட்டு எத்தனை நாளாயிற்று! வேலை அப்படி. மான்கள், நெருப்புக்கோழிகள், இப்போது ஒரு ஜோடி சிங்கம். சிங்கம் வந்ததும் தம்பி தொப்பி போட ஆரம்பித்துவிட்டான். கொட்டகைக்கு சிமெண்டுத் தரை போட்டாயிற்று. பூசணிக்காய் அரிந்து அரிந்து என் கட்டைவிரல் மஞ்சளாகிவிட்டது. நிலையாக ஒரு மிருக டாக்டரம்மா வந்திருக்கிறாள். ஒல்லி, கண்டிப்பு, சிரிக்கத் தெரியாதவள். ஆனால் அவள் தொட்டால் சிங்கம்கூடச் சும்மா இருக்கிறது.

எல்லாப் பள்ளத்திலும் ஏதாவது ஒன்று குடியேறியாயிற்று, கடைசிப் பெரிய பள்ளம் தவிர. அதில் ஊற்று கிளம்பி குளமாகிவிட்டது. கோரை ஆள் உயரம் வளர்ந்து கிடக்கிறது. மற்றப் பள்ளங்களில் கத்தினால் குரல் திரும்பி வரும். இங்கே வருவதில்லை. இன்று ஓரத்தில் நின்று மகளைக் கூப்பிட்டேன். பக்கத்திலேயே நின்றிருக்கிறாள், காதில் விழவில்லையாம்.

1996 பிப்ரவரி 8

முட்டைகள் வந்திருக்கின்றன. பெருங்கொக்கு முட்டைகள். வளர்ந்தால் நம் உயரம் நிற்கும் பறவையாம். சதுப்பு நிலங்களில் அநேகமாக அழிந்துவிட்டது, நாம் வளர்த்துத் திரும்ப விட வேண்டும் என்று டாக்டரம்மா சொன்னாள்.

இதில் ஒரு சிக்கல். ஓட்டை உடைத்து வந்ததும் குஞ்சு முதலில் எதைப் பார்க்கிறதோ அதுதான் அதற்கு அம்மா. மனுஷ முகத்தைப் பார்த்தால், மனுஷக் குரலைக் கேட்டால், முடிந்தது. அப்புறம் எவனைக் கண்டாலும் கிட்டே போய் நிற்கும், எவன் கையிலாவது சாகும். அதனால் வளர்க்கிறவர்கள் தலை முதல் கால் வரை சாம்பல் நிற அங்கி போட்டுக்கொள்ள வேண்டும். முகத்துக்கு வலை. வலது கை, கொக்குத் தலை மாதிரி செய்த உறைக்குள். அந்த அலகால்தான் தீனி ஊட்ட வேண்டும். உள்ளே ஒரு வார்த்தை பேசக் கூடாது.

"பேசாமலா? நம்ம வீட்டுல யாரு?" என்று நான் சிரித்தேன்.

நான்தான் போவேன் என்று மகள் ஒற்றைக்காலில் நின்றாள். டாக்டரம்மா கூட இருப்பாளாம், அதனால் சரி என்றேன். அங்கி தைப்பது என் தலையில் விழுந்தது.

1996 பிப்ரவரி 15

இரண்டு அங்கியும் முடிந்தது. மகளை அளவு கொடுக்கக் கூப்பிட்டால் குளத்தங்கரையில் குடிசை போடுவதை விட்டு வர மாட்டேன் என்கிறாள். நானே போட்டுப் பார்த்துத் தைத்துவிட்டேன். அவளுக்கும் எனக்கும் ஒரே உடம்பு. வலைக்குள் முகத்தை விட்டதும் மூச்சு முட்டியது. உடனே கழற்றி எறிந்தேன்.

1996 மார்ச் 10

குஞ்சுகள் பொரிந்துவிட்டன. மகள் ஓடி வந்து கட்டிக்கொண்டு, "அம்மா, என்னைத்தாம்மா முதல்ல பாத்துச்சு, என்னைத்தான்!" என்று அழுதாள். டாக்டரம்மா பின்னாலேயே வந்து, "உன்ன இல்ல, அங்கிய" என்று திருத்தினாள். பிள்ளை சந்தோஷத்தில் மண்ணைப் போடாவிட்டால் அவளுக்குச் சோறு இறங்காது.

1996 ஏப்ரல் 2

கொக்குக் குஞ்சை நடத்த வேண்டுமாம், இல்லாவிட்டால் கால் வளைந்துவிடும். வேலி மறைவில் நின்று பார்த்தேன். சாம்பல் உருவம் ஒன்று கோரையைப் பிரித்துக்கொண்டு மெல்ல மெல்ல நடந்தது. காலை உயரத் தூக்கி, கொஞ்சம் யோசித்து, வைத்தது. பின்னால் குஞ்சுகள்.

எனக்குச் சட்டென்று பயமாக இருந்தது. என்ன பயம்? நான் தைத்த அங்கி, உள்ளே நான் பெற்ற பெண். அது நின்றது. நான் இருப்பது தெரிந்துவிட்டது. ஆனால் முகத்தைத் திருப்பிப் பார்க்கவில்லை. தலையைப் பக்கவாட்டில் சாய்த்தது. பறவைக்குக் கண் பக்கத்தில் இருக்கிறது, அதனால் அது அப்படிப் பார்க்கும். இவள் எதற்கு அப்படிப் பார்க்க வேண்டும்?

வீட்டுக்கு வந்ததும் கேட்டேன். "குஞ்சுங்க எதிர்ல அப்படித்தாம்மா இருக்கணும், நடிப்பு" என்றாள். சரி.

1996 ஏப்ரல் 14

தம்பி ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டான். சிங்கத்தின் முன்னால் விசில் அடிக்கிறவர்கள் குளத்து வேலி பக்கம் வந்ததும் வாய் மூடி நிற்கிறார்களாம். சொல்லாமலே. நகர மாட்டேன் என்கிறார்களாம். "என்ன பாக்குறாங்க தெரியுமா அக்கா? கொக்க இல்ல. அங்கிய!" என்று கண்ணை உருட்டினான்.

வேலியைப் பிடுங்கிவிட்டு நீளச் சுவர் எழுப்புகிறான். கண் வைத்துப் பார்க்க மட்டும் அதில் பிளவுகள். வாசலில் பெரிய பலகை: பேசக் கூடாது.

1996 மே 6

மகள் தட்டு கழுவிக்கொண்டிருந்தாள். நான் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தேன். எங்கிருந்தோ கர்ர்ர் என்று ஒரு சத்தம், பூனை சொகுசாகப் படுத்திருக்கும்போது வருமே, அதைவிடத் தடிமனாக. குளிர்சாதனப் பெட்டி கெட்டுவிட்டதோ என்று எழுந்து போய்ப் பார்த்தேன். அது இல்லை.

அவள் தொண்டையிலிருந்து வந்தது.

குஞ்சுகளை அணைத்துக்கொள்ளத் தாய்க்கொக்கு போடும் சத்தமாம். அங்கிக்குள் டேப் ரெக்கார்டர் வைத்து அதைத்தான் போடுகிறார்கள் என்று டாக்டரம்மா சொல்லியிருக்கிறாள். டேப் இல்லாமலே வருகிறது இவளுக்கு. "என்னடி அது?" என்றேன். "எது?" என்றாள்.

1996 மே 21

இதை எழுதிவிட வேண்டும்.

மத்தியானம் அவள் சாப்பிட வரவில்லை. நேற்றும் வரவில்லை. எனக்கு ஆத்திரம். சுவர்ப் பிளவில் வாயை வைத்து அவள் பேரைச் சொல்லிக் கத்திவிட்டேன். கத்தக் கூடாதுதான். பெத்தவ கத்தாம என்ன செய்வா?

மனுஷக் குரல் கேட்டதும் குஞ்சுகள் எல்லாம் பொத்தென்று தரையோடு தரையாகப் படுத்துவிட்டன. கழுத்தை நீட்டி, அசையாமல். அது பயம், அவற்றுக்குக் கற்றுக்கொடுத்திருப்பது. அவளும் படுத்தாள். சேற்றில் முகம் வைத்து, கையைப் பக்கத்தோடு ஒட்டிக்கொண்டு.

டாக்டரம்மா என்னைத் திட்டத்தான் வந்தாள். திட்டவில்லை. பிளவில் கண் வைத்துப் பார்த்துவிட்டு, "குஞ்சு படுக்கும். அது சரி. இவ ஏன் படுத்தா?" என்றாள்.

அதை என்னிடம் கேட்டால்?

1996 ஜூலை 4

குளத்தங்கரைக் குடிசையிலேயே தங்குகிறாள். உடுப்பு மாற்ற வரும்போது ஆம், இல்லை, போதும், அவ்வளவுதான். மூன்று மாதம் முன்புகூட என்னோடு வாயடித்து ஜெயித்தவள். டாக்டரம்மா அங்கி போடுவதையே நிறுத்திவிட்டாள். "உள்ள போனா என்னைக் கொத்துறா, அக்கா. குஞ்சுங்க கிட்ட விட மாட்டேங்கிறா. என்னை யாருன்னு அவளுக்குத் தெரியலையோன்னு தோணுது."

தம்பியிடம் போனேன். அவன் அறைச் சுவர் முழுக்க வரைபடம். பக்கத்து நிலத்தையும் வாங்கிவிட்டான். ஒட்டகச்சிவிங்கி வரப்போகிறது, யானைக்கு இடம், சுற்றி வர குட்டி ரயில். எல்லாம் குளத்தைப் பார்க்க வருகிற கூட்டத்தை நம்பித்தான்.

"அவள வெளிய கொண்டு வாடா" என்றேன்.

"அவ சந்தோஷமா இருக்கா அக்கா. பாத்தா தெரியல?"

"மூஞ்சிய மூடிக்கிட்டு இருக்கா. எதப் பாத்துடா தெரியணும்?"

"பறவைங்க பறக்குற வரைக்கும் பொறு. அப்புறம் தானா வந்துடுவா" என்றான். தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் சொன்னான். அவனுக்கும் உள்ளுக்குள் உதைக்கிறது.

1996 ஜூலை 5

பொறுக்கிறேன்.

1996 அக்டோபர் 19

பறந்துவிட்டன!

காலையில் கூண்டு வண்டியில் ஏற்றி சதுப்பு நிலத்துக்குக் கொண்டு போனார்கள். நானும் போனேன். அங்கி முன்னால் நடந்தது, பறவைகள் பின்னால் நடந்தன, பிறகு ஒவ்வொன்றாக எழும்பின. கீழே நின்று அவள் இரண்டு கையையும் விரித்தாள். அவளும் எழும்பிவிடுவாளோ என்று ஒரு நிமிஷம் பார்த்தேன். ஒன்றும் ஆகவில்லை. மனுஷி எங்கே பறப்பாள்? கையைத் தொங்கவிட்டுக்கொண்டு நின்றாள்.

வீட்டுக்குக் கூட்டி வந்தோம். அங்கியை நானே கழற்றினேன். உள்ளே என் பெண் இருந்தாள், மெலிந்து, வெளிறிப்போய். வெந்நீர் வைத்துக் குளிப்பாட்டினேன். தலை துவட்டினேன். ஒன்றும் பேசவில்லை, நானும் நச்சரிக்கவில்லை. களைப்பு. தூங்கி எழுந்தால் சரியாகிவிடும்.

1996 அக்டோபர் 23

சாப்பாட்டை வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தேன். தலையைச் சாய்த்து ஒரு கண்ணால் என்னைப் பார்க்கிறாள். குஞ்சுகள் எதிரில் நடிப்பு என்றாளே. இங்கே எந்தக் குஞ்சு இருக்கிறது?

"சாப்பிடு கண்ணு" என்றேன்.

வேறொன்றும் சொல்லவில்லை. சத்தியமா வேற ஒண்ணும் சொல்லல. மெல்லத்தான் சொன்னேன்.

நாற்காலியிலிருந்து நழுவித் தரையில் படுத்துவிட்டாள். கழுத்தை நீட்டி. அசையாமல். நான் வாயைப் பொத்திக்கொண்டேன். பொத்தின பிறகுதான் எழுந்தாள்.

என் குரலுக்கு, என் மகள்.

1996 நவம்பர் 8

வீட்டில் யாரும் பேசுவதில்லை. தம்பி வெளியே போய்ப் பேசுகிறான். ரேடியோவை எடுத்து உள்ளே வைத்துவிட்டேன். அவள் பகலெல்லாம் ஜன்னலருகில் குளத்தைப் பார்த்தபடி நிற்கிறாள். நான் கொஞ்சம் கொஞ்சமாகக் கிட்டே நகர்வேன். ஒரு கை தூரம் வந்ததும் அவள் விலகிவிடுவாள். தொட வேண்டும் போல இருக்கிறது. இருபத்து நாலு வருஷமாகத் தொட்டுக்கொண்டிருந்த பிள்ளை.

1997 ஜனவரி 17

ஜன்னலில் இல்லை. தேடி அலையவில்லை, எங்கே போயிருப்பாள் என்று தெரியும். கொடியிலிருந்த அங்கியையும் காணோம்.

1997 பிப்ரவரி 20

தம்பி புது முட்டைகள் வரவழைத்திருக்கிறான், போன முறையைவிட அதிகம். டாக்டரம்மாவிடம்கூடச் சொல்லவில்லை. அவள் அவன் அறையில் போட்ட சத்தம் தீவனக் கூடம் வரை கேட்டது. "மாத்தி யோசிக்க முடியாதுங்க. இப்ப முட்டைய எடுத்துட்டா அவ செத்துடுவா" என்று அவன் சொன்னது மட்டும் புரிந்தது. யாருக்காகச் சொல்கிறான்? அவளுக்காகவா, ரயிலுக்காகவா? அவனுக்கே பிரித்துச் சொல்லத் தெரியாது என்று நினைக்கிறேன். நான் அரிந்துகொண்டிருந்த காரட்டை அரிந்துகொண்டே இருந்தேன்.

டாக்டரம்மா பிறகு என்னிடம் வந்தாள். நகரத்தில் ஒரு மனநல மருத்துவமனை. அங்கே அவளுக்குத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். நல்லவர்கள், அவசரப்பட மாட்டார்கள். ஆனால் இவளை எப்படி வெளியே கொண்டு வருவது?

"ரெண்டாவது அங்கி எங்க இருக்கு?" என்று கேட்டேன்.

1997 மார்ச் 29

போனேன்.

வலைக்குள் மூச்சு முட்டும் என்று பயந்தேன். முட்டவில்லை. குஞ்சுகள் பொரிந்து கொஞ்ச நாள்தான் ஆகிறது, அவள் கோரை நடுவில் அவற்றோடு உட்கார்ந்திருந்தாள். டாக்டரம்மாவைக் கொத்தியதுபோல என்னைக் கொத்தவில்லை. பார்த்தாள். நான் தூரத்திலேயே உட்கார்ந்தேன். ஏதாவது பேச வேண்டும் என்று நாக்கு துடித்தது. கடித்துக்கொண்டேன்.

சுவர்ப் பிளவுகளில் கண்கள். வரிசையாக, கண்கள் மட்டும். எல்லாம் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தன. உள்ளேயிருந்து பார்த்தால்தான் தெரிகிறது, எவ்வளவு அசிங்கமாக இருக்கிறது என்று.

1997 ஏப்ரல் 4

தினமும் போகிறேன். தீவனக் கூடத்தை வேறு ஆளிடம் கொடுத்தாயிற்று. காலைத் தூக்கி, யோசித்து, வைக்க வருகிறது. ஒரு குஞ்சு என் அலகிலிருந்து மீன் எடுத்துக்கொண்டது. அவள் அதைப் பார்த்தாள். விலகவில்லை, கிட்டேயும் வரவில்லை.

1997 ஏப்ரல் 15

நாளைக்கு. எல்லாம் பேசி வைத்தாயிற்று. மருத்துவமனைக் கார் பின் வாசலுக்கு வரும். கூட இரண்டு நர்ஸுகள் வருவார்கள். டாக்டரம்மா பிளவில் நின்று கை காட்டுவாள். குஞ்சுகள் இருப்பதால் அவளும் கூப்பிட முடியாது. இரண்டு அங்கியில் யார் நான் என்று வெளியிலிருந்து தெரியாது, அதனால் நான் இடது கையைத் தூக்க வேண்டும். அதைப் பார்த்து அவர்கள் கதவைத் திறப்பார்கள். நான் மகள் கையைப் பிடித்து நடத்தி வர வேண்டும். கதவைத் தாண்டியதும் அவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

தம்பிக்குத் தெரியாது. தெரிந்தால் தெரியட்டும். என் பெண் எனக்கு வேண்டும். மறுபடி அவள் என்னோடு சண்டை போட வேண்டும், குழம்பில் உப்பு போதாது என்று சொல்ல வேண்டும். ஒரு வருஷம் ஆனாலும் பரவாயில்லை. எனக்கு அவ பேசணும். அவ்வளவுதான்.

1997 ஏப்ரல் 16

கார் வந்த சத்தம் கேட்டது. நாங்கள் இருவரும் தண்ணீர் ஓரத்தில் நின்றிருந்தோம். பிளவில் டாக்டரம்மாவின் மூக்குக்கண்ணாடி தெரிந்தது. கை காட்டினாள்.

நான் மகளைப் பார்த்தேன். அவளும் சத்தத்தைக் கேட்டுவிட்டாள். ஒரு கணம் என்னைப் பார்த்தாள், பிறகு சுவரை, பிறகு என்னை. பயந்திருந்தாள். முகம் தெரியாவிட்டால் என்ன, பெற்றவளுக்குத் தெரியாதா? ஆனால் தரையில் படுக்கவில்லை. என்னைக் கண்டு அவளுக்குப் பயம் இல்லை. சுவருக்கு அந்தப் பக்கம்தான் பயம்.

நினைத்துப் பார்த்தேன். கதவுக்கு வெளியே போனதும் நான் வாயைத் திறப்பேன். திறக்காமல் இருக்க என்னால் முடியாது. என் குரலைக் கேட்டதும் அவள் தரையில் விழுவாள். நர்ஸுகள் தூக்குவார்கள். இந்த அங்கிக்குள் இருந்ததும் மனுஷிதான் என்று அவளுக்குத் தெரிந்துவிடும். அதற்கப்புறம் எங்கேயும், எந்த உடுப்பிலும், அவள் என் பக்கம் வர மாட்டாள்.

டாக்டரம்மா மறுபடி கை காட்டினாள். அடுத்த பிளவுக்குப் போனாள், அங்கிருந்து அதற்கடுத்ததற்கு. ஒன்றிலிருந்து ஒன்றாக எங்களை மாற்றி மாற்றிப் பார்த்தாள். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தாள். யார் யார் என்று தெரியவில்லை, பாவம். கண்டிப்பான பெண், இருந்தாலும் பிளவில் அவள் உதடு கெஞ்சியது எனக்குத் தெரிந்தது.

வலது கை அலகுக்குள் இருந்தது. இடது கை சும்மாதான் இருந்தது.

தூக்கவில்லை.

நெடுநேரம் கழித்து கார் கிளம்பிப் போயிற்று. பிளவுகளில் வழக்கமான கண்கள் வந்து சேர்ந்தன. குஞ்சுகள் மேயத் தொடங்கின. நான் கோரையில் உட்கார்ந்தேன். அப்போது அவள் என் பக்கம் திரும்பினாள். ஒவ்வொரு அடியாக வைத்து வந்து, என் தோளில் தோள் படும்படி உட்கார்ந்தாள். தானாக வந்தாள்.